அரையாண்டுத் தேர்வில் இரண்டு மதிப்பெண்

மருமகன் மாரிசெல்வத்துக்கு மாமா எழுதிக்கொள்வது. நான் நலம். எதிர்வீட்டில் நீயும் உன் தாயாரும் நலமாகத்தான் இருக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாததால் குத்துமதிப்பாக எழுதுகிறேன்.

பதினான்கு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன், இனி முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில், தனித்த எலக்ட்ரான் ஓர் ஒளித்துகளை முழுமையாக உறிஞ்சுமா என்று கேட்டேன். “உறிஞ்சும்” என்று எழுதினாய். சுழியம் போட்டேன். வெற்றிடத்தில் உறிஞ்சாது, ஆற்றலைச் சரிக்கட்டினால் உந்தம் இடிக்கும். இது என் சொந்தச் சரக்கு அல்ல, இயற்பியல். அந்த இரண்டு மதிப்பெண்ணில் உனக்கு முதலிடம் போயிற்று. எனக்குத் தங்கையின் பேச்சு போயிற்று.

ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்கிறவன், உன் கல்யாணத்துக்கென்று ஊருக்கு வந்தாய், பண்ணைப்புரத்தில் சும்மா இருந்தாயா? என் பள்ளிக்கூடத்திலேயே வந்து படம் போட்டுக் காட்டுகிறாய். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் ஓர் ஊசிமுனையில் லேசரை அடித்தால், அருகே பறந்துபோகும் எலக்ட்ரான் ஊசியைத் தொடாமலே ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு முழு ஒளித்துகளாக வாங்குமாம், அல்லது கொடுக்குமாம், அளந்து பார்க்கும்வரை ஒரே சமயத்தில் வாங்கியும் கொடுத்தும் சும்மாவும் போயிருக்குமாம். என் தேர்வில் இப்படி எழுதியிருந்தால் அதற்கும் சுழியம்தான். பக்கத்தில் போனாலே கிடைக்குமென்றால், தினம் இரண்டு வேளை உங்கள் வாசலைக் கடக்கிறேனே, ஒரு வாய்க் காப்பி வந்து சேர்ந்ததா? வேதியியல் ஆசிரியர் ஜெபமணி முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, “என்ன சார், ஒங்க மருமகன் ஒங்க பாடத்தையே கவுத்திப்புட்டாக!” என்று சிரிக்கிறார். அன்று சாயங்காலமே உன் தாயார் தெருவுக்கே கேட்கும்படி, “எங்கண்ணன் மொதல்ல அந்த ரெண்டு மார்க்கப் போடட்டும், பெறகு எம்மகனுக்கு மாலை எடுக்கட்டும். இல்லையின்னா மணமேடைப் பக்கம் அங்கன வந்து நிக்க வேணாம்!” என்றாள். தாய்மாமன் மாலை என் உரிமை. அதற்கு மதிப்பெண்ணை விற்பேனா? பக்கத்தில் ஒரு பொருள் இருந்தால்தான் உறிஞ்சும் என்று உன் ஆராய்ச்சியே சொல்கிறது. அந்த நிபந்தனையை அன்றைக்கு எழுதினாயா? இல்லையே! விடைத்தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஜெராக்ஸ் இணைக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்.

நீயும் வரப்போகிற நாகஜோதியும் ஒரு குறையுமில்லாமல் வாழுங்கள். மாலையை வேறு யாராவது எடுக்கட்டும்.

பின்குறிப்பு: ஜெராக்ஸ் கடையில் முத்துலட்சுமி தாளைத் திருப்பிப் பார்த்து, “சார், பின்னாடியும் எழுதியிருக்கே, போடவா?” என்றாள்.

“பின்னாடி என்னம்மா இருக்கு?”

“‘ஆனால், அருகில் வேறொரு பொருள் இருந்தால் மட்டும்’னு இருக்கு சார்.”

பதினாலு வருசமா நான் அந்தத் தாளைத் திருப்பவே இல்லடா. சிவப்புப் பேனாவால் இரண்டு போட்டு, அசல் தாளையே இதில் வைத்திருக்கிறேன். உன் தாயாரிடம் காட்டு. கம்பம் பூக்கடையில் மாலைக்குச் சொல்லியாயிற்று. ஆனால் தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஜெபமணி அதையும் ஜெராக்ஸ் எடுத்துவிடுவார். ஆகவே இந்தக் கடிதத்தைப் பெயர் போடாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.