தலையாட்டிய சிநேகிதன்

“கடல் எங்கடா?” என்று கேட்டாள் அம்மா, கைபேசித் திரையில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு.

சப்டைட்டில்காரன் கைபேசியைச் சட்டென்று தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டான். படங்களில் யார் யாரோ பேசுவதைத் திரையின் அடியில் எழுத்தாகப் போடுவது அவன் தொழில். டிஜிட்டல் நோமேட் விசா வாங்கினால் லேப்டாப்போடு வெளிநாட்டில் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, அம்மாவை அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பி வந்திருந்தான். வந்த ஜோரில், ஜன்னலைத் திறந்தால் கடல் என்று அளந்துவிட்டிருந்தான். திறந்தால் தெரிந்ததென்னவோ பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்தான்.

பனிமூட்டம், கடல் தெரியவில்லை என்று சமாளித்தான். பனியில் தனியாகக் கிடக்கிறாயா என்று அம்மா கண் கலங்கினாள். தனியா எங்கே, கூடப் பிறந்தவன் மாதிரி ஒரு சிநேகிதன் இருக்கிறான் என்று பதறிப்போய்ச் சொன்னான். அப்படியானால் அவனை என் கண்ணில் காட்டு என்றாள்.

உண்மையில் அந்த ஊரில் அவனோடு பேச ஒரு ஈ காக்கைகூட இல்லை. நாளெல்லாம் அடுத்தவர் வசனத்தை எழுதிவிட்டு, தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று சாயங்காலம் ஒருமுறை இருமிப் பார்த்துக்கொள்வான்.

வேறு வழியில்லாமல் கீழே இருந்த சலவைக்கடைக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தான். தமிழில் ஒரு வார்த்தை தெரியாத அந்த மனுஷனிடம், என்ன கேட்டாலும் தலையை ஆட்டு என்று ஜாடை காட்டி வைத்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா என்று அம்மா கேட்டாள். தலையாட்டினான். நன்றாகத் தூங்குகிறானா? அதற்கும் ஆட்டினான். குடிக்கிறானா? அதே பக்தியோடு ஆட்டினான்.

அம்மாவின் முகம் சுருங்கியது. காபியைத்தான் சொல்கிறான் என்று இவன் அடித்துப் பேசி நம்பவைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அம்மாவுக்கோ சிநேகிதனைப் பிடித்துப்போய்விட்டது. மறைக்கத் தெரியாத பிள்ளை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி அவனிடமே கேட்டாள்:

“தம்பி, நானும் அங்க வந்து உங்களோட இருந்துடட்டுமா?”

சலவைக்கடைக்காரன் கழுத்து சுளுக்குகிற அளவுக்குத் தலையாட்டினான். அம்மா சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

சப்டைட்டில்காரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தக் குழாய்க்கு எதிரே அம்மாவா? மறுநாள் எல்லாவற்றையும் சொல்லிவிடத் துணிந்தான். கடல் கிடையாது, சிநேகிதன் கிடையாது, விசாவிலும் அம்மாவுக்கு இடமில்லை. அக்கா வீடு, பேரப்பிள்ளைகள் என்று நிம்மதியாக இருப்பதை விட்டுவிட்டு இங்கே வந்து அவதிப்படாதே என்று சொல்ல வேண்டும். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டான்.

போனை எடுத்தது யாரோ ஒரு பெண். அக்கா வீட்டு வேலைக்குப் புதிதாக வந்திருப்பவள் என்று நினைத்து, அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான்.

“மகனா சார்? நான் இந்த முதியோர் இல்லத்து நர்ஸ். நீங்க அங்க வரச் சொல்லிட்டீங்கன்னு அம்மா பெட்டியக் கட்டி வெச்சுட்டு, ஒவ்வொரு ரூமாப் போய்ச் சொல்லிட்டு வரப் போயிருக்காங்க.”