தண்டவாளக் காக்காவின் முன் சீட்

கல்முனைக்கு ரெயில் வந்ததே இல்லை. ஆனாலும் ஓடுகிற எதிலும் முன்னால்தான் இருப்பேன் என்று அடம்பிடிக்கிற ஒரு ரெயில்காரரை அல்லாஹ் எங்கள் தெருவுக்கென்றே அனுப்பியிருக்கிறான். மட்டக்களப்புப் பாதையில் தண்டவாளம் பொருத்தி ஓய்வுபெற்றவர். பெயரை ஊரே மறந்துவிட்டது; எங்களுக்கு அவர் காக்கா, அதாவது அண்ணன். தண்டவாளக் காக்கா என்று கேட்டால் கைக்குழந்தையும் வீட்டைக் காட்டும்.

பஸ்ஸில் மதகுருமாருக்கென்று எழுதிய முன் ஆசனத்தில் ஏறி இருப்பார். ஒருநாள் உண்மையிலேயே ஒரு பிக்கு வந்துவிட்டார். காக்கா மரியாதையாக எழும்பினார். எழும்பியவர் பின்னால் போகவில்லை. சாரதிக்குப் பக்கத்தில் கொதிக்கிற எஞ்சின் மூடியில் குந்திக்கொண்டு, அக்கரைப்பற்று வரும்வரை ஒரு பக்கம் மாறி ஒரு பக்கம் வெந்தார்.

சம்மாந்துறைக்குப் புறப்பட்ட கல்யாணக் காரில் மாப்பிள்ளைக்கு முன்னரே முன் சீட்டைப் பிடித்துவிட்டார். மாப்பிள்ளையின் வாப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"காக்கா, இண்டைக்கு மாப்பிள்ள நீங்களா?"

"மாப்பிள்ள பின்னுக்கு இரிக்கட்டும். அவருதானே முழுசாப் போய்ச் சேரணும்."

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் மட்டும் எல்லாம் தலைகீழ். முதல் வரிசைக்கு நன்மை அதிகம் என்று நாங்கள் முண்டியடிக்க, அவர் செருப்புக் கழற்றும் படியோரம் கடைசி வரிசையில் நிற்பார். என் வாய் சும்மா இராது.

"என்ன காக்கா, பஸ்ஸுல முதல் வரிசை, பள்ளில கடைசி வரிசையா?"

அவர் மறுநாள் காலை என் வாசலில் நின்றார்.

"தம்பி, காரைதீவுக்குத் துணைக்கு வாறியா? முப்பது வருசமாப் போக நினைக்கன். தனியப் போகக் கால் வருகுதில்ல."

ஓட்டோ பிடித்தோம். சாரதியின் அரை ஆசனத்தில் ஒட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

யுத்தகாலத்தில் பாதையில் கண்ணிவெடி வெடித்தால் பட்டாளத்துக்கு அரிசியும் போகாது, தோட்டாவும் போகாது. ஆகவே உடைந்த தண்டவாளத்தை அன்றைக்கே பொருத்தியாக வேண்டும். ஒழுங்காகப் பொருத்தினார்களா, மறுபடி வெடி புதைந்திருக்கிறதா என்று அறிய முகாம் அதிகாரி ஒரு வழி வைத்திருந்தார். எஞ்சின் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போகும் வெறும் பெட்டியில், பொருத்தியவர்களில் ஒருவர் இருக்க வேண்டும். காக்காவும் காரைதீவுக் கந்தசாமியும் முறைமாறி ஏறினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காக்காவின் முறை. "நீ ஜும்ஆவுக்குப் போ, நான் ஏறுறன்" என்றாராம் கந்தசாமி. பள்ளியில் குத்பா பிரசங்கம் முடியுமுன் வெடிச்சத்தம் கேட்டது.

"அது என்ட முறை என்டு அவன்ட பொண்டாட்டிக்குத் தெரியா தம்பி. சொல்லத்தான் போறன்."

எனக்குக் கல்யாணக் கார் நினைவுக்கு வந்தது. சிரித்த வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

காரைதீவு வீட்டில் கந்தசாமியின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். காக்கா அதைத் தொடாமல், தலைகுனிந்தபடி சொல்லி முடித்தார். அந்த அம்மா கொஞ்சநேரம் அழுதார். பிறகு கேட்டார்.

"ஆடி அமாவாசைக்கு அவர் என்னைத் திருக்கோவில் தீர்த்தத்துக்குக் கூட்டிற்றுப் போன நாளையில, பெட்டியில ஆர் ஏறின, காக்கா?"

காக்கா விழித்தார். அவருக்கே அது மறந்துபோயிருந்தது.

"நான்தான்."

"அது அவர்ட முறைதானே. அண்டைக்கு வெடிச்சிருந்தா நான் உங்கட வாசல்ல வந்து இப்பிடி நிண்டிருப்பன். தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

காக்கா குடித்தார்.

திரும்பும்போதும் அதே அரை ஆசனத்தில்தான் தொங்கினார்.

"பின்னுக்கு இடம் கிடக்கு காக்கா," என்றான் சாரதி.

"நீ ஓட்டு."

அடுத்த வெள்ளி நான் முன்னால் முண்டியடிக்கவில்லை. கடைசிக்கு முந்திய வரிசையில் நின்றேன். படியோரம் நின்ற காக்கா ஒரு வரிசை முன்னே வந்தார். ஒரே ஒரு வரிசைதான். நான் ஒதுங்கி, என் தோளோடு அவருக்கு இடம் விட்டேன்.