ஸ்டேஷன் மாஸ்டர் என்கிற சேவல்

எனக்கு ஒரு வரம் உண்டு. தற்பெருமை என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை, உண்மைதானே! வீட்டிலிருக்கிற எந்தச் சாமானைக் காட்டினாலும் அதிலிருந்து ஒரு ஞானபோதனையை உருவி எடுத்துவிடுவேன். விழுப்புரம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன் உத்தியோகம். டூட்டியில் தண்டவாளத்தைத் திருப்புகிறேன். வீட்டுக்கு வந்தால் எங்கள் தெருக் கிறிஸ்தவர்களின் மனசைத் திருப்புகிறேன். பங்குச் சாமியாரே ஒருமுறை, "பிரசங்கத்தை உம்மிடம் விட்டுவிட்டு நான் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருக்கிறதே!" என்றார். அதை அவர் சிரித்துக்கொண்டு சொன்னதாக என் மனைவி சாதிக்கிறாள். அவள் அன்றைக்குத் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

என் மனைவி இருதயமேரி. ஒலக்கூர்க்காரி. என் போதனைகளில் அவளுக்கு அவ்வளவாக ருசி கிடையாது.

ரசத்தில் உப்பில்லை. நான் விடுவேனா?

"மேரி, சேசுநாதரு நம்மளை உப்புன்னு சொன்னாரு. இன்னாத்துக்குச் சொன்னாரு?"

"உப்பு ஜாடி உங்க கைக்கு எட்ற தூரத்துலதான் இருக்குது. எடுத்துப் போட்டுக்குங்க."

குடத்தில் ஓட்டை.

"பாத்தியா! சின்னப் பாவம் ஒண்ணு போதும், செஞ்ச புண்ணியமெல்லாம் ஒழுகிப் பூடும்."

"இப்ப ஒழுகறது தண்ணி. போதனை சொல்லிக்கினே போயி, அடைக்கிறவனை இட்டுக்கினு வாங்க. ஜல்தி!"

ஞானிகளுக்குச் சொந்த வீட்டில் மரியாதை இருந்ததில்லை. அது போகட்டும்.

தவசுகாலம் வந்தது. சேசுநாதர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் மாமிசம் தொடக்கூடாது. கேப்பைக் களி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையல். மறுநாள் ஒரு மாறுதலுக்காக மல்லாட்டைத் துவையல், கேப்பைக் களி. என் நாக்கு செத்து அடக்கத்துக்குத் தயாராக இருந்தது. அந்த நேரத்தில்தான் மேரியின் சேவல் என் கண்ணில் விழுந்தது.

அது ஒலக்கூரில் மாமியார் கொடுத்தது. குஞ்சாக இருந்தபோது மேரியின் மடியில் உட்கார்ந்து, டிக்கெட் இல்லாமல், ரயிலேறி வந்தது. இப்போது அது தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தால் பெரிய அதிகாரிகள் தோற்றார்கள். அதனால் ஸ்டேஷன் மாஸ்டர் என்று நான்தான் பேர் வைத்தேன். ராத்திரி டூட்டி முடிந்து பகலில் நான் கண்ணயர்ந்தால் தலைமாட்டில் வந்து நின்று கூவும். மேரிக்கோ அது உயிர். அதற்குக் கேப்பை போட்டுவிட்டுத்தான் எனக்குக் களி போடுவாள்.

"மேரி, பாஸ்குத் திருநாளுக்கு ஸ்டேஷன் மாஸ்டரைக் குழம்பு வெச்சா இன்னா?"

"அது மேல கத்தி பட்டுதுன்னா நான் ஒலக்கூருக்கு வண்டி ஏறிடுவேன்."

"வருசத்துக்கு ஒரு பாஸ்கு..."

"பாஸ்குக்குக் கத்தரிக்கா குழம்பு. பேஜாரு பண்ணாதீங்க."

என் சங்கடம் அவளுக்கு எங்கே புரியும்! பக்கத்து வீட்டுத் தேவசகாயமும் ரயில்வேக்காரன்தான். அவனிடம் நான் ஏற்கெனவே மார்தட்டியாயிற்று. "பாஸ்கு அன்னிக்கு எங்கூட்ல சேவல் குழம்பு. தொடை உனக்கு." சொன்ன சொல் தவறினால் ஜங்ஷனில் நான் தலை நிமிர்ந்து கொடி காட்ட முடியுமா? என் மானம் அந்தச் சேவலின் தொடையில் இருந்தது.

ஆகவே திட்டம் போட்டேன். நானே மெச்சிக்கொள்ளும்படியான திட்டம்.

முதல் காரியம், யாரும் சந்தேகப்படக் கூடாது. பாஸ்குக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் தெருவே கூடி செபம் சொன்னது. செபம் முடிந்ததும் நான் எழுந்து அந்தச் சேவலையே காட்டினேன்.

"இராயப்பரு, சேசுநாதருக்கு முதல் சீசரு. அவரு இன்னா பண்ணாரு? வேலைக்காரி கேக்கறா, பக்கத்துல நின்னவன் கேக்கறான். அவரைத் தெரியவே தெரியாதுன்னு மூணு தடவை சாதிச்சுட்டாரு! உடனே சேவல் கூவிச்சு. மனுசன் வெளிய போயித் தேம்பித் தேம்பி அழுதாரு. ஒவ்வொரு ஊட்டுச் சேவலும் ஒரு மனசாட்சி!"

தெருவே கண்ணைத் துடைத்துக்கொண்டது. தேவசகாயம் மூக்கைச் சிந்தினான். மேரி மட்டும் என்னையும் சேவலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆஹா, இவளுக்கே நம் பேச்சு உறைத்துவிட்டது என்று பூரித்துப் போனேன்.

சனிக்கிழமை விடியுமுன் சேவலைச் சாக்குப் பையில் போட்டுத் தேவசகாயத்திடம் ஒப்படைத்தேன். அவன் அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, மேலே கோணி போட்டு மூடிவிட வேண்டும். இருட்டில் சேவல் கூவாது. சாயங்காலம் அதுவே உரித்த கோழியாக என் கைக்கு வரும். "கண்டாச்சிபுரம் சந்தையில வாங்கியாந்தேன்" என்று மேரியிடம் நீட்டுவேன். அவள் கையாலேயே குழம்பு. சேவல் எங்கே என்று கேட்டாளானால், இருக்கவே இருக்கிறது கீரிப்பிள்ளை!

காலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போனேன். சேசுநாதர் சாவுக்குத் துக்கமாக வியாழக்கிழமையிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்த மணி கணகணவென்று அடித்தது. என் நாக்கும் எழுந்து உட்கார்ந்தது. பெண்கள் பக்கத்தில் மேரி பாதிப் பூசையில் எழுந்து போனதை நான் கவனிக்கவில்லை. பக்தியில் இருந்தேன்.

பூசை முடிந்து, வீடுகளுக்குப் புதுத் தீர்த்தம் தெளிக்க சாமியார் எங்கள் தெருவுக்கு வந்தார். பின்னால் தெருவே வந்தது. எங்கள் வாசலில் ஒரு கூடை கவிழ்ந்து, மேலே கோணி கிடந்தது. துவைத்த கோணியைக் காயப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அதன் பக்கத்தில் மேரி நின்றாள்.

"ஏங்க, காலையிலேர்ந்து ஸ்டேஷன் மாஸ்டரைக் காணோமே. நீங்க பாத்தீங்களா?"

"நானா? நான் பாக்கலியே!"

தேவசகாயத்தின் மனைவி சவுரியம்மாள் முன்னால் வந்தாள். "இன்னாண்ணே, விடியறதுக்கு முன்னாடி சாக்குப் பையைத் தூக்கிக்கினு எங்கூட்டுக்கு வந்தீங்களே?"

"நான் இல்லம்மா. அது வேற யாரோ."

தேவசகாயம், அந்தப் படுபாவி, என் தோளை உற்றுப் பார்த்தான். "அண்ணே, துண்டுல இறகு ஒட்டிக்கினு இருக்குதே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாமியார் எதிரில் மானம் போகலாமா? கையைத் தூக்கிக் கத்தினேன்.

"சத்தியமாச் சொல்றேன், அந்தச் சேவலை எனக்குத் தெரியவே தெரியாது!"

சொன்ன பிறகுதான் இந்த வசனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. மேரி கோணியை உருவிக் கூடையை நிமிர்த்தினாள். இருட்டிலிருந்து உச்சி வெயிலுக்கு வந்த ஸ்டேஷன் மாஸ்டர், விடிந்துவிட்டது என்று முடிவு செய்தது.

"கொக்கரக்கோ!"

தெரு மொத்தமும் மூன்று விரலை மடக்கிக்கொண்டு நின்றது. எண்ணியிருக்கிறார்கள்! தேவசகாயம் நேற்றே சவுரியம்மாளிடம் உளறி, சவுரியம்மாள் மேரியிடம் சொல்லி, நான் முழங்காலில் இருந்த நேரத்தில் சேவல் வீடு திரும்பியிருக்கிறது. சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சேவலுக்குத் தீர்த்தம் தெளித்தார். "தீர்த்தம் பட்ட சேவல். இதை யாரும் அறுக்கக் கூடாது" என்றார். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெளித்தார்.

ஆனால் நான் தலை குனியவில்லை. குனிவானேன்? ஒரு பாடத்தை இவ்வளவு கச்சிதமாகப் பிடித்துக்கொண்ட பெண்சாதி இந்த ஜில்லாவில் வேறு யாருக்கு இருக்கிறாள்? அவளுக்கு வாத்தியார் யார்? எனக்கு உள்ளபடியே பெருமை பொங்கியது. அடுக்களைக்கே போய்ச் சொன்னேன்.

"பாத்தியா மேரி, என் போதனை எப்படி வேலை செய்யுது!"

"இன்னும் முடியலியே. சேவல் கூவினதுக்கப்புறம் இராயப்பரு இன்னா பண்ணாரு?"

"வெளிய போயி... அழுதாரு."

மேரி ஒரு முறம் சின்ன வெங்காயத்தை என் கையில் வைத்தாள்.

"வெளிய போங்க."

வாசலில் உட்கார்ந்து, கத்தரிக்காய்க் குழம்புக்கு வெங்காயம் உரித்து, தேம்பித் தேம்பி அழுதேன். ஸ்டேஷன் மாஸ்டர் எதிரில் நின்று மேற்பார்வை பார்த்தார்.