டாட்டா காட்டிய இறக்கை

விமானத்தை உடைத்தது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் இறக்கையில் நான் போட்ட ஒட்டைப் பற்றி யாராவது குறை சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

அப்போது நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். (அதாவது, எனக்கு எல்லாம் தெரிந்திருந்த வருஷம்.) துபாயிலிருந்து லீவில் வந்த அத்தான், என் அக்கா மாப்பிள்ளை, ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்று கொண்டுவந்திருந்தார். தெர்மோகோல் போல நுரை உடம்பு, மூக்கில் மோட்டார், கழற்றி மாட்டும் இறக்கைகள். நான் அதையே சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை ஆரல்வாய்மொழியில வச்சுப் பறக்க விடுவோம். நல்லபடியா எறங்கினா ஒனக்கே தந்துட்டுப் போறேன், கேட்டியா?" என்றார்.

ஞாயிறுவரை பொறுத்திருக்கலாம்தான். வெள்ளிக்கிழமை அத்தானும் அக்காவும் நாகர்கோவிலுக்கு ஜவுளி எடுக்கப் போனதும், 'சும்மா ஒரு டெஸ்ட்' என்று முற்றத்திலிருந்து விட்டேன். எங்கள் வீடு குலசேகரம் பக்கம். மூன்று புறமும் ரப்பர் மரம், நான்காவது புறம் ஒரே ஒரு தென்னை. விமானம் தென்னையைத் தேர்ந்தெடுத்தது. இடது இறக்கை நடுவில் இரண்டாக முறிந்தது.

கடையில் ஒரு நொடியில் ஒட்டும் பசை வாங்கிவந்து ஊற்றினேன். அது ஒட்டவில்லை, தின்றது. நுரை உருகி, முறிவு என் கண்ணெதிரே பள்ளமாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. காலையில் எடுத்த ரப்பர் பால் வீட்டுப் பின்னால் வாளி வாளியாக இருக்கிறது. கையில் பட்டால் இரண்டு நாள் போகாது. சட்டையில் பட்டால் சட்டைதான் போகும். இதைவிடப் பெரிய பசை உண்டா? துடைப்பத்திலிருந்து நாலு ஈர்க்கிலை உருவி இரண்டு துண்டுக்குள்ளும் குத்தி இணைத்தேன். பள்ளம் நிறையப் பால். பாலை ரப்பர் ஷீட்டாக உறைய வைக்க ஊற்றும் ஆசிட் சில சொட்டு.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, அத்தானுக்க பிளேன்ல ஷீட்டு அடிக்கியா?"

"ரிப்பேரும்மா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்கத்தானம்மா ரிப்பேரு."

புகை போட்டு உலர்த்தும் புரையில் காய்ந்த ஷீட்டுகளுக்கு நடுவே அந்த இறக்கையும் ஒன்றரை நாள் தொங்கியது. பிறகு மேலே வெள்ளை பெயின்ட். அத்தான் விருந்து விருந்தாக அலைந்துகொண்டிருந்ததால் பெட்டியைத் திறக்கவே இல்லை.

ஞாயிறு காலை இறக்கையை மாட்டும்போது மூக்கைச் சுளித்தார். "இதென்ன, ஷீட்டு மணம்?"

"நம்ம வீட்டுல எல்லாத்துக்கும் அந்த மணந்தான் அத்தான்." (அன்று நான் சொன்ன ஒரே உண்மை.)

ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டாம், அங்கே நிற்கும் காற்றாலைகளே சொல்லும். அவற்றுக்கு வெகுதூரம் தள்ளி ஒரு பொட்டலில் குடும்பமே கூடி நின்றோம். விமானம் ஜோராக ஏறியது. நானும் பெருமையாக அம்மாவைப் பார்த்தேன். அப்போது காற்று ஒரு தள்ளு தள்ளியது.

ரப்பர் ஒட்டும், ஒட்டிய பிறகும் ரப்பராகவே இருக்கும். இதை எந்த செமஸ்டரிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. வலது இறக்கை விறைத்து நிற்க, இடது இறக்கையின் பாதி மட்டும் மேலும் கீழுமாக ஆடியது.

"மக்கா, அது யாருக்கோ டாட்டா காட்டுது பாரு" என்றார் அப்பா.

அத்தான் ரிமோட்டை நாலா பக்கமும் திருகினார். "ஏட்டி! இதுல என்ன செஞ்சு வச்சிருக்க?"

பதில் சொல்வதற்குள் அது தலைகுப்புற வந்து தரையில் குத்தியது. மோட்டார் ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். அத்தான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் இடது இறக்கையை எடுத்தேன். வளைத்தேன். இழுத்தேன். பிரியவில்லை.

"அத்தான், பாருங்க! ஒட்டு விடல்ல!"

(அந்த நேரத்தில் சொல்லக்கூடாத வார்த்தைதான். அதற்கென்ன?)

அவர் என்னைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார். "நல்லபடியா எறங்கினா ஒனக்குன்னு சொன்னேன்லா? நல்லபடியா எறங்கினது இது மட்டுந்தான். வச்சுக்கோ."

மோட்டாரும் ரிமோட்டும் துபாய்க்கே திரும்பிப் போயின.

போன மாதம் அப்பா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். காரில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே அத்தான் வீடியோ காலில் வந்துவிட்டார். "மாமா, நெய்யூர் வரைக்கும் எதுக்கு? ரெண்டு ஈர்க்கிலும் கொஞ்சம் ரப்பர் பாலும் போதும்லா." வலியிலும் அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

சிரிக்கட்டும். இறக்கை என் அலமாரி மேல்தான் இருக்கிறது. சந்தேகமுள்ளவர்கள் வந்து இழுத்துப் பார்க்கலாம்.