பொடியாத நீலமணி

தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு காட்டில் வேணி என்றொரு கீரி இருந்தாள். கணினியில் கணக்குப் போடுவது அவள் வேலை.

ஆலையிலிருந்து அந்தக் காட்டுக்குள் அமிலப் புகை வந்துகொண்டிருந்தது. கனத்த புகை; தாழ்வான வளைகளில் போய்த் தேங்கும். முயல் குட்டிகள் இருமி இருமிச் சுருண்டன. வளைக்கு வளை வடிகட்டிப் பை தொங்கவிடச் சொல்லி அரசர் சிங்கம் உத்தரவு போட்டார். பைக்குள் கடுகு கடுகாய் மணிகள். ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளைகள்; புகை அதில் மாட்டிக்கொள்ளும். ஆனால் சில மணிகளை அந்தப் புகையே அரித்துத் தின்றுவிடும்.

எது தாங்கும்? இருக்கிற நாலாயிரம் வகையையும் புகையில் வைத்துப் பார்க்க ஆயுள் போதாது. வேணி ஆறு வாரம் அணு அணுவாகக் கணக்குப் போட்டாள். முடித்ததும் செயலாளர் நரியிடம் ஓடினாள்.

“ஐயா, நீங்க வாங்கின நீலமணி மூணே நாள்ல பொடிஞ்சு போயிடும். கிடங்குல ஒதுக்கி வெச்சிருக்கிற சாம்பல் மணிதான் தாங்கும்.”

“பொடிஞ்சிடுச்சா?”

“இன்னும் இல்லீங்க. பொடியும்.”

“பொடிஞ்சப்புறம் படிவம் ஏழுல எழுதிக் குடும்மா. நடக்காததுக்குப் படிவம் கிடையாது. அதுவுமில்லாம, அரசருக்கு நீலம்னா உசிரு.”

வேணி நேரே கிடங்குக்குப் போனாள். பை நிரப்பிக்கொண்டிருந்த பெருச்சாளி சூசையிடம் விஷயத்தைச் சொன்னாள். தாழ்வளையில் சூசைக்கு ஐந்து பிள்ளைகள். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. இருவரும் சாம்பல் மணியில் சொட்டு நீலம் கலந்து, உலர்த்தி, செயலாளர் வளைக்குப் போகும் பை உட்பட எல்லாப் பைகளையும் அதைக் கொண்டே நிரப்பினார்கள்.

மூன்றாம் நாள் ஒரு பைகூடப் பொடியவில்லை. முயல் குட்டிகள் இருமலை மறந்து காதைப் பிடித்திழுத்துச் சண்டை போட்டன. பார்த்த வேணிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் நரி ஆள் அனுப்பினார்.

“பொடியும்னு சொன்னியே, பொடிஞ்சுதா?”

உண்மையைச் சொன்னால் சூசைக்கு வேலை போகும். வேணி தலை குனிந்தாள்.

“இல்லீங்க.”

பீதி கிளப்பிய குற்றத்துக்கு வேணியின் கணினி பறிமுதல் ஆனது. நீலமணியைத் தேர்ந்தெடுத்த தொலைநோக்குக்காக நரிக்குப் பொன்னாடை. அடுத்த ஆண்டுக்கும் நீலமணியே வாங்கச் சொல்லிக் கையெழுத்தாயிற்று.

நீதி: ஆபத்து வருமுன் கண்டுபிடியுங்கள், தடுங்கள், செயலாளர் வளைப் பையில் மட்டும் நீலமணியை மாற்றாதீர்கள்.