எட்டு கிலோமீட்டர் முட்டிவலி

இந்த வருஷம் மலைமுனைக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தலையே போனாலும் சரி, கால் அங்கே போகாது.

அந்த மலைமுனை வருஷத்தில் ஆறு வாரம்தான் திறந்திருக்கும். மற்ற நாளெல்லாம் பனி, மண்சரிவு என்று கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அங்கே நின்றால் ஏழு பள்ளத்தாக்கு தெரியுமாம். பதினோரு வருஷமாக என் மனைவிக்கு அந்த ஏழு பள்ளத்தாக்கையும் பார்த்தாக வேண்டும். நானோ சாவிக் கடைக்காரன். வருஷத்துக்கு நாலே நாள் லீவு. அந்த நாலு நாளும் குப்புறப் படுத்துத் தூங்குவதுதான் என் லட்சியம். அதனால் கேட் மூடின மறுநாள்தான் லீவு எடுப்பேன். "அடடா, நேத்துதானே மூடினாங்க!" என்று அவளைவிட அதிகமாக அங்கலாய்ப்பேன்.

ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவன், வீட்டில் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் இப்படிப் பொய்க்குத்தான்.

இந்த வருஷம் அவள் முந்திக்கொண்டாள். 'பத்தாம் தேதி முதல் நாலு நாள் விடுமுறை' என்று அவளே எழுதிக் கடைக் கதவில் மாட்டிவிட்டாள். கேட் திறந்திருக்கிற வாரம்!

"ஏங்க, எட்டு கிலோமீட்டர் நடக்கணுமாம். செங்குத்தா ஏறணும். நல்ல ஷூவா வாங்கிக்குங்க."

"ஜீப் கீப் விடமாட்டானா?"

"நல்லா நடக்கறவங்களுக்கு எதுக்குங்க ஜீப்பு?"

தினமும் சாப்பாட்டோடு இந்த எட்டு கிலோமீட்டரையும் பரிமாறினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு மருந்துக் கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன்.

"யோவ், நீ வரலைன்னா திட்டு விழும். டாக்டர் வேணாம்னா யாரைத் திட்டுவாங்க? முட்டிவலின்னு ஒரு சீட்டு வாங்கு" என்றார். மனுஷனா அவர்! தெய்வம்!

அன்று மாலையே நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்னங்க ஆச்சு?"

"முட்டி."

"வாசப்படி ஏறும்போது இடது காலைப் பிடிச்சீங்க. இப்ப வலது காலை இழுக்கறீங்க?"

"அது... ரெண்டுக்கும் நடுவுல அலையுது."

"ஐயோ பாவம். டாக்டரைப் பாருங்க" என்றாள். எனக்கு வாயெல்லாம் பல்.

எலும்பு டாக்டரின் அலமாரிப் பூட்டை ஒருமுறை நான்தான் திறந்துகொடுத்தேன். அந்த நன்றிக்கு, 'இவரால் நடக்க இயலாது, மலையேறவே கூடாது' என்று முத்திரை குத்திக் கொடுத்தார். சீட்டை அவள் ரெண்டு தடவை படித்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். துக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன், மடையன்.

"நீ உன் தங்கச்சியோட போயிட்டு வாம்மா. நான் எப்படியோ தனியா சமாளிச்சுக்கறேன்" என்று குரலைத் தழுதழுக்கவிட்டேன்.

"உங்களை விட்டுட்டா? நல்லா இருக்கே!"

மறுநாள் கேட் ஆபீசிலிருந்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். கையில் ரெண்டு அனுமதிச் சீட்டு.

"நடந்து போறவங்க சீட்டு போன மாசமே தீர்ந்துபோச்சுங்க. ஜீப்புலதான் இடம் இருந்துது. அது நடக்க முடியாதவங்களுக்கு மட்டும்தானாம். டாக்டர் சீட்டு கொடுத்தா, கூட ஒருத்தர் துணைக்குப் போகலாமாம்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"போன மாசமே."

"அப்புறம் எதுக்கு தினமும் எட்டு கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர்னு உயிரை வாங்கினே?"

"டாக்டர்கிட்ட போங்கன்னு நான் சொல்லியிருந்தா போயிருப்பீங்களா? பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதும் ஓடினீங்க. அவர்கிட்டயும் நான்தான் சொல்லி வெச்சேன்."

தெய்வமாம் தெய்வம்! நான் துள்ளி எழுந்து ரெண்டு காலாலும் குதித்துக் காட்டினேன். "பாரு, வலி போயிடுச்சு! பூரண குணம்!"

"அப்படியா? ரொம்ப சந்தோஷம். பரண் சுத்தம் பண்ணணும், பீரோவை நகர்த்தணும், ஜன்னல் கம்பிக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கணும். நாலு நாளும் வேலை இருக்கு."

மெல்ல உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டேன்.

ஜீப்பில் என்னை ரெண்டு பேர் தூக்கி உட்காரவைத்தார்கள். வியர்த்து விறுவிறுத்து ஏறிக்கொண்டிருந்த தாத்தாக்கள் எல்லாம் நின்று என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். மேலே போனதும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏழு பள்ளத்தாக்கையும் விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்தபோது கண் கலங்கியிருந்தது. பதினோரு வருஷம் இவளை ஏமாற்றிவிட்டோமே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. சும்மா சொல்லக் கூடாது, அழகான இடம்தான். அதை அவளிடமும் சொன்னேன்.

அவள் என் பக்கம் நகர்ந்து, ஆசையாகத் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"ஏங்க, அடுத்த வருஷம் தீவுக்குக் கப்பல் விடறாங்களாம். நெஞ்சுவலிக்காரங்களுக்கு ஜன்னலோரமா இடம் தர்றாங்களாம்."

அப்போதே எனக்கு லேசாக வலிக்க ஆரம்பித்துவிட்டது.