மெய்வாசகர் படித்த ஆறாவது பாய்

மாடிப்படி முழுக்கச் செருப்பு. வாசலில் ஒரு வரிசை, அதன் வாலில் இன்னொரு வரிசை. எல்லாம் மெய்வாசகரைப் பார்க்கத்தான். மெய் என்றால் உடம்பு. உடம்புக்குள் பதுங்கிய மனக்காயத்தைத் தொடாமலே படித்துவிடுவாராம். பாயில் படுத்து, உச்சி முதல் பாதம் வரை வெள்ளைப் போர்வையால் மூடிக்கொள்ள வேண்டும்.

"முகம் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது" என்பார். நாக்கும் உடம்பில்தான் இருக்கிறது என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

துணிக்கடையில் வேலை பார்க்கும் தங்கைக்கு முதலில் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அக்கா பேச்சை நிறுத்தும்வரை.

அக்கா தையல்காரி. வலது தோளில் ஓயாத வலி. மெய்வாசகர் ஒரு சாண் உயரத்தில் கையை அசைத்து, "கூடப்பிறந்தவளோட பொறாமை இங்க முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்கு" என்றார். அன்றிலிருந்து அக்கா தங்கையின் போனை எடுப்பதில்லை.

தங்கை நேரிலேயே போனாள்.

"எனக்கு உன்மேல என்னக்கா பொறாமை?"

"எனக்கென்ன தெரியும்? என் தோளுக்குத் தெரிஞ்சிருக்கு."

அக்கா கதவைச் சாத்தினாள். தங்கை படியிறங்கும்போது அழுதாள். தெருமுனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைக்குள் நுழைந்து, வரிசையாக நின்ற பொம்மைகளைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

ஞாயிறு காலை மெய்வாசகரின் கூடம் திறந்ததும் முதல் ஆளாக இரண்டு பைகளோடு போனாள். ஒன்றில் இடுப்புக்கு மேல், மற்றதில் இடுப்புக்குக் கீழ். கழுத்தோடு முடிகிற கடைப் பொம்மை. ஆறாவது பாயில் பூட்டிப் படுக்கவைத்து, தலைக்குப் பதில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, போர்வையை இழுத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து, தங்கையைப் பார்க்காததுபோல், தன் வழக்கமான ஐந்தாவது பாயில் படுத்தாள்.

மெய்வாசகர் பாய் பாயாக வந்தார். ஆறாவதின் மேல் அவர் கை நின்றது.

"அப்பப்பா, என்ன பாரம்! மூச்சையே அடக்கி வெச்சிருக்கியே, தாயே!"

அது மட்டும் உண்மை.

"வலது தோள்ல கூடப்பிறந்தவளோட பொறாமை, முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்கு. வாய்விட்டு அழுதுடு!"

தாய் அழவில்லை.

"இறுகிப்போன உடம்பு. ஆறு மாசம் விடாம வரணும்."

ஐந்தாவது பாயில் போர்வை அசைந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்தாள். தன் தோளுக்குச் சொன்ன அதே வார்த்தைகள்! அதற்குள் தங்கை வந்து பக்கத்துப் போர்வையை உருவினாள்.

"ஐயா, இதுக்குக் கூடப்பிறந்தது பதினோரு பொம்மை கடையில நிக்குது. பொறாமை பிடிச்சது எதுன்னு சொல்லுங்க, கண்டிச்சு வைக்கிறேன்."

கூடம் கொல்லென்று சிரித்தது. "பொம்மைக்கும் அதிர்வு உண்டு" என்றார் மெய்வாசகர். இரண்டு பேர் பக்தியோடு தலையாட்டவும் செய்தார்கள்.

"அப்போ என் முழங்கால்ல என் மாமியார் கோபம் இருக்குன்னீங்களே, அதுவும் இப்படித்தானா?" என்று ஒரு பெரியவர் எழுந்தார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர். மெய்வாசகர் பின்பக்கப் படியை வாசிக்கப் போய்விட்டார்.

"என்னை நாலு அறை அறைஞ்சிடுடி" என்றாள் அக்கா.

"தோள் சரியாகட்டும், அப்புறம் அறையறேன். கிளம்பு டாக்டர்கிட்ட."

"மனசு நொந்தா உடம்பு இறுகும், அது நிஜம்தான்மா. அதுக்கு முறையாப் படிச்சவங்க இருக்காங்க" என்றார் டாக்டர். "ஆனா உங்களுக்கு வலி அதனால இல்ல. மிஷினுக்கு முன்னாடி போட்டிருக்கிற முக்காலி உயரம் பத்தல."

அன்று அந்தக் கூடத்தில் நிஜமாகவே தலை இல்லாதது பொம்மை ஒன்றுதான். மற்றவர்களுக்கு இருந்தது, செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். செருப்பை எங்கே வேண்டுமானாலும் கழற்றுங்கள், மக்களே. தலையை மட்டும் உள்ளே கொண்டு போங்கள்.